கரைந்துபோன தொடைச் சதை திரும்ப வருமா?

கேள்வி: எனக்கு வயது 67, எடை 60 கிலோ. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இரண்டரை மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது இடுப்பருகே தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது, காலில் முழு எடையையும் ஊன்றலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் வலது தொடை மிகவும் மெலிந்துவிட்டது. வேட்டி கட்டும்போது பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஊன்றுகோலுடன் தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள் நடக்கிறேன். வாரம் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப் குடிக்கிறேன். மருமகள் புரோட்டீன் பவுடர் வாங்கி வைத்திருக்கிறாள். எண்ணெய் தேய்த்துவிட ஒருவர் வருகிறார். சதை மட்டும் ஏறவில்லை. கரைந்த சதை எங்கே போயிற்று? இந்த வயதில் அது திரும்ப வருமா? இதயமும் தசைதானே, அதுவும் இப்படிக் கரைந்திருக்குமோ என்று இரவில் பயமாக இருக்கிறது. விரிவாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

— வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

திரும்ப வரும். அதில் ஐயம் வேண்டாம். ஆனால் தாங்கள் இப்போது செய்துவரும் நான்கு காரியங்களும் அதை வரவழைக்கப் போதாதவை. ஏன் போதாது என்பதை விளக்க வேண்டுமானால் தசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொறுமையாகப் படிப்பேன் என்று தாங்களே எழுதிவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தசை என்பது எழுத்து நிலைமாறிச் சதை ஆயிற்று என்பதைத் தாங்கள் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். இயன்முறை சிகிச்சையாளனாகிய எனக்கு இந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல. ‘அவன் சதை போட்டுவிட்டான்’ என்று ஊரில் சொல்லும்போது பெரும்பாலும் கொழுப்பைத்தான் சொல்கிறோம். தங்கள் தொடையில் குறைந்திருப்பது கொழுப்பு அன்று, தசை. அதனால் இனி அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

வெந்த கோழிக்கறியைப் பிய்க்கும்போது அது நார் நாராகப் பிரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் வரும் அந்த நார் ஒவ்வொன்றும் பல தசையிழைகள் சேர்ந்த ஒரு கற்றை. கற்றைக்குள் இருக்கும் ஒவ்வொரு தசையிழையும் ஒரே ஒரு உயிரணு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான் அதன் பருமன். நீளமோ பல சென்டிமீட்டர் இருக்கும். இவ்வளவு நீண்ட உயிரணுவை ஒரே உட்கரு நிர்வகிக்க முடியாது என்பதால், ஓர் இழையின் ஓரமாக நூற்றுக்கணக்கான உட்கருக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கற்றைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறைகள் தசையின் இரு முனைகளிலும் ஒன்றாகத் திரண்டு, எலும்பைப் பற்றிக்கொள்ளும் தசைநாணாக மாறுகின்றன. நம் பேச்சில் ‘நரம்பு’ என்று சொல்லி, ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று வருந்துவது பல நேரங்களில் இந்தத் தசைநாணைத்தான். உண்மையான நரம்பு வேறு; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு தசையிழைக்குள் இன்னும் மெல்லிய நுண்ணிழைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் சார்கோமியர் எனப்படும் சிறு கண்ணிகள் கோத்த சங்கிலி போன்றவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இப்படி 400க்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். தசையின் வேலை நடப்பது இந்தக் கண்ணிக்குள்தான். ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகள் இரு பக்கங்களிலிருந்தும் உள்ளே நீண்டிருக்க, மையோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழை நடுவில் இருக்கிறது. மையோசினின் உடலெங்கும் சிறு சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. திருவாரூர்க்காரரான தங்களுக்கு ஆழித்தேரின் வடத்தைக் காட்டிலும் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் இழுத்துப் பிடியை விட்டு அடுத்த பிடி பற்றுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் இழுக்கிறார். அதனால் வடம் தளராமல் நகர்கிறது. மையோசின் தலைகளும் அப்படியே. ஒரு வேறுபாடு உண்டு. தேர் இழுப்பவருக்குப் பிடியை விடுவது எளிது. மையோசின் தலைக்கோ பிடியை விடுவதற்கே ஏடிபி என்னும் எரிபொருள் வேண்டும். தவறாக எண்ண வேண்டாம், உயிர் பிரிந்தபின் சில மணி நேரத்தில் உடல் விறைப்பதற்கும் இதுவே காரணம்: ஏடிபி தீர்ந்து, பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. வாயையும் கால் கட்டைவிரல்களையும் தாமதமின்றிக் கட்டிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுவதில் இந்த வேதியியல் அடங்கியிருக்கிறது.

இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றன் மீது ஒன்று வழுக்கி நகர்கின்றன என்ற இந்த உண்மை உறுதிப்பட்டு இன்னும் நூறாண்டுகூட ஆகவில்லை. 1954ஆம் ஆண்டு மே மாதம், நேச்சர் என்ற அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில், இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு ஏதும் கிடையாது.

இனித் தங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கரைந்தது எங்கே போயிற்று?

தசை ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட பொருள் அன்று. அதன் புரதத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஒவ்வொரு நாளும் பிரிக்கப்பட்டு, அதே அளவு புதிதாகக் கட்டப்படுகிறது. உழைக்கும் தசையில் கட்டுவது பிரிப்பதற்கு ஈடுகொடுக்கிறது. படுக்கையில் கிடக்கும் காலில் எடை ஏறுவதில்லை. எனவே கட்டும் வேலை மந்தமாகிறது, பிரிக்கும் வேலை மட்டும் தொடர்கிறது. அத்துடன் எலும்பு முறிவும் அறுவைக் காயமும் சேர்ந்துகொண்டால், காயத்தை ஆற்றவும் நோய் எதிர்ப்புக்கும் உடலுக்குப் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் ஏராளமாகத் தேவைப்படுகின்றன. நம் வீடுகளில் முன்பு நெல் கொட்டி வைத்த குதிர் போல, உடல் தன் புரதச் சேமிப்பை வைத்திருக்கும் இடம் தசைதான். விளைச்சல் இல்லாத காலத்தில் குதிரின் வாயைத் திறப்பதுபோல் உடல் தசையைத் திறந்து எடுத்திருக்கிறது. தங்கள் தொடையில் குறைந்ததில் ஒரு பகுதி அறுவைக் காயத்தை மூடவும் எலும்பைக் கூட்டவும் செலவாகியிருக்கும், அது வீணாகவில்லை.

இது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதை 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குக் கொழுப்பல்லாத திசு குறைந்திருந்தது. காயமோ காய்ச்சலோ அவர்களுக்கு இல்லை, வெறும் படுக்கைதான். தாங்கள் முறிவும் அறுவையும் கண்டு எழுந்தவர். தொடை மெலிந்தது வியப்பன்று.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. சில வாரப் படுக்கையில் தசையிழைகள் பெரும்பாலும் அழிவதில்லை, மெலிகின்றன. உள்ளே அடுக்கியிருந்த நுண்ணிழைகள் குறைந்ததால் இழை ஒல்லியாகியிருக்கிறது. ஆட்கள் குறைந்திருந்தாலும் வடம் அப்படியே கிடக்கிறது என்று கொள்ளுங்கள். மேலும், தசையிழையின் உறைக்கும் அதன் வெளிப்படலத்துக்கும் இடையில் துணை உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இவற்றைக் கண்டு எழுதினார். வழக்கமாக உறங்கிக் கிடக்கும் இவை, தசைக்குக் காயமோ கடும் உழைப்போ நேரும்போது விழித்துப் பெருகி, பழுதுபார்க்கவும் இழைக்குப் புதிய உட்கருக்களைக் கொடுக்கவும் செய்கின்றன. 67 வயதில் இவற்றின் எண்ணிக்கை குறைந்திருக்கும், விழிப்பதும் மெதுவாகவே நடக்கும். ஆனால் அவை தீர்ந்துவிடவில்லை.

வயதால் நேரும் இழப்பு வேறு வகையைச் சேர்ந்தது. தங்களுக்கு இரண்டும் கலந்திருக்கின்றன. தண்டுவடத்தில் உள்ள ஒரு நரம்பணு தன் கிளைகளால் பல தசையிழைகளை ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவுக்குப் பத்து இழைகள் அளவில்தான் இருக்கும். கெண்டைக்கால் தசையிலோ ஆயிரத்துக்கும் மேல். அறுபதைத் தாண்டும்போது இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஆதரவற்றுப்போன இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், எஞ்சியவை அழியும். இதில் அதிகம் பாதிக்கப்படுபவை விரைவிழைகள். கோழியின் தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளிறியும் இருப்பதற்குக் காரணமான வேறுபாடு மனிதத் தசையிலும் உண்டு, ஆனால் நம் தசைகளில் இரு வகை இழைகளும் கலந்தே கிடக்கின்றன. மெதுவிழைகள் நாள் முழுதும் நிற்கவும் நடக்கவும் உதவுகின்றன. விரைவிழைகள் சட்டென்று பலத்தைத் தருபவை. கால் வழுக்கும் அந்தக் கணத்தில் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவை அவையே. வயது முதிர்வில் தசையும் பலமும் குறையும் இந்நிலைக்கு 1980களின் இறுதியில் இர்வின் ரோசன்பெர்க் சார்கோபீனியா என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘சதை வறுமை’ என்று பொருள்படும்.

நடை ஏன் போதாது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மூளை தசையை ஏவும்போது சிறிய நரம்பணுக்களையும் அவை ஆளும் மெதுவிழைகளையும் முதலில் அழைக்கிறது. சுமை கூடினால்தான் பெரிய நரம்பணுக்களையும் விரைவிழைகளையும் அழைக்கும். ஊன்றுகோலில் பாதிப் பாரத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நடக்கும் நடையில் அந்த அழைப்பு நிகழ்வதே இல்லை. மூச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் மனத்துக்கும் நடை நல்லது, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் தொடையின் முன்பக்கத்துப் பெருந்தசைக்கு ‘இங்கே கட்டு’ என்ற ஆணை பாரத்திலிருந்துதான் கிடைக்கிறது; அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கினாலும் அந்த ஆணை கிடைக்காது.

வயதைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு ஒரே ஒரு சான்று போதும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு, மரியா ஃபியாதரோனே என்ற மருத்துவரின் குழு எட்டு வாரம் தொடைத் தசைக்குக் கடுமையான எடைப் பயிற்சி அளித்தது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நடுத்தொடைத் தசையின் பரப்போ 9 விழுக்காடுதான் கூடியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். பலம் இவ்வளவு ஏறியதற்குத் தசை பருத்தது சிறு காரணமே; பயிற்சியின் முதல் வாரங்களில் நரம்பு மண்டலம் ஏற்கெனவே இருக்கும் இழைகளை முழுமையாக ஏவக் கற்றுக்கொள்கிறது. ஆகவே முதல் ஒன்றரை மாதத்தில் தொடை பருக்கவில்லை என்று வேட்டியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுவது எளிதாகிறதா என்று பாருங்கள். அளவு பின்னால் வரும்.

இதே குழு 1994இல் நூறு பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, மருமகள் வாங்கி வைத்திருக்கும் பவுடருக்கும் ஆட்டுக்கால் சூப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறது. பயிற்சி செய்தவர்களின் பலம் இரட்டிப்புக்கு மேல் ஆயிற்று. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. உணவு செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கும், கட்டச் சொல்லும் வேலை அதனுடையது அன்று. இதற்காக உணவு வேண்டாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. காயத்திலிருந்து மீளும் முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. தங்கள் எடைக்கு அது 72 முதல் 90 கிராம். நம் வழக்கமான சாப்பாட்டில் இது எளிதில் நிறைவதில்லை. மூன்று இட்லியில் கிடைப்பது ஏறத்தாழ 6 கிராம். சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராமை ஒட்டிக் கிடைக்கும். மதியத்தில் மொத்தமாகச் சாப்பிடுவதைவிடக் காலை, மதியம், இரவு மூன்றுக்கும் பகிர்ந்து சாப்பிடுவது தசைக்கு நல்லது. இதெல்லாம் முடியாத நாளில் பவுடர் கைகொடுக்கும். அதற்கு மேல் அதற்கு மாயம் எதுவும் இல்லை.

சூப் விஷயத்தில் தங்களுக்கு ஏமாற்றம் தருகிறேனே என்று வருத்தந்தான். ஆட்டுக்காலில் தசை மிகக் குறைவு. எலும்பும் தோலும் தசைநாணும்தான் அங்கே அதிகம். கொதிக்கும்போது இறங்குவது கொலாஜன் என்ற புரதம். ஆறியபின் சூப் கட்டிக்கொள்வது அதனால்தான். தசை கட்டத் தேவைப்படும் அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் இல்லவே இல்லை. கட்டும் வேலையை முடுக்கிவிடும் லூசினும் குறைவு. மிளகு போட்டுச் சுவைக்காகக் குடியுங்கள், புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புரதத்தைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பரிசோதனையில் அளக்கப்படும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்குச் சிறுநீரகம் சற்றுப் பழுதுபட்டிருந்தாலும் அந்த எண் இயல்பாகத் தோன்றக்கூடும். இரண்டு மாதம் நடமாட்டம் குறைந்து தசை இளைத்தவன் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

எண்ணெய் தேய்ப்பதால் தசை வளராது. உடம்புக்கு இதமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள், ஆனால் அறுவைத் தழும்பின் மீது அழுத்த வேண்டாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஒரு காலின் கெண்டைப் பகுதி திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதயத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். மனித உடலில் தசை மூன்று வகை. எலும்போடு இணைந்து நம் விருப்பப்படி இயங்குவது முதல் வகை. இதுவரை சொன்னதெல்லாம் அதைப் பற்றியதே. குடல், இரத்தக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவரில் இருப்பது மென்தசை. அது நம்மைக் கேளாமல் வேலை செய்கிறது. மூன்றாவது இதயத்தசை. தங்கள் கால் படுத்திருந்தபோதும் இதயம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை அளவுக்குத் துடித்துக்கொண்டுதான் இருந்தது. தொடையைப்போல் அது கரைந்திருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் திறன் குறையும். 1966இல் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்து அழைத்துச் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை அவர்களின் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. நல்லவேளையாக, படுக்கையால் இழந்ததை அவர்கள் அந்த ஆய்விலேயே அடுத்து அளித்த பயிற்சியால் மீட்டுக்கொண்டார்கள். தாங்கள் சற்று நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்றால் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். நெஞ்சு வலியோ, படுத்தால் மூச்சுத்திணறலோ இருந்தால் அது வேறு விஷயம், காட்டிவிட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. மருத்துவர் முழு எடை ஊன்ற அனுமதித்திருப்பதால், கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு தலையணையை வைத்து உயரமாக்கிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல், அல்லது முடிந்த அளவு குறைவாக ஊன்றி, எழுந்து நின்று மெதுவாக உட்காருங்கள். எழுவதைவிட மெதுவாக உட்காருவதில் தசைக்குப் பயன் அதிகம். தொப்பென்று விழக் கூடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு, பிறகு மீண்டும், அதன்பின் மூன்றாம் முறை. கடைசி இரண்டு எழுச்சிகள் சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் தலையணையை எடுத்துவிடும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வலது காலைத் தங்களை அறியாமலே காப்பாற்றி இடது காலால் எழுவீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் வலது பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து எழுங்கள். அதன்பின் நாற்காலியில் அமர்ந்தபடியே, கணுக்காலில் அரைக் கிலோ மணல் கட்டிய துணிப்பையோடு முழங்காலை நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், ஏனென்றால் கட்டும் வேலை ஓய்வு நாளில்தான் நடக்கிறது. மறுநாள் தசையில் மந்தமான வலி இருந்தால் கவலை வேண்டாம். முறிந்த இடத்திலோ இடுப்பு மூட்டிலோ குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட்டு அறுவை செய்தவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு வாரமாவது அருகிலுள்ள இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் பார்க்கச் செய்வது நல்லது.

தங்கள் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை அளவு நாடாவால் அளந்து பாருங்கள், இடது காலில். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்தபடி ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடல் முழுவதுமே தசை குறைந்திருக்கக்கூடும் என்று ஐயப்பட வேண்டும். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆவதும் அதே பொருளைத் தரும். இந்தச் சோதனையைக் கால் தேறிய பிறகு செய்துகொள்ளலாம். தொடையை முழங்கால் சில்லிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே, மாதம் ஒருமுறை மட்டும் அளங்கள். தினமும் அளந்தால் மனச்சோர்வுதான் மிஞ்சும்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பருகே தொடை எலும்பு முறிந்தால், எலும்பின் அடர்த்தி குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி. கம்பி வைத்து முறிவைச் சரிசெய்வதோடு பலருடைய சிகிச்சை நின்றுவிடுகிறது. அடர்த்தியை அளக்கவும் அதற்கான மருந்தைத் தொடங்கவும் யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை செல்லும்போது இதையும் வைட்டமின் டி அளவையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்குள் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பதித்துவிடச் சொல்லுங்கள்.